தாமிரக் கூஜாவின் வாக்குமூலம்

கண்ணாடித் தட்டில் மீன் செல் வளர்க்கும் என் அருமை மருமகளுக்கு, தாய்மாமன் ஆயிரம் ஆசிகளுடனும் ஒரேயொரு பாவத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் சௌக்கியம். உன் மீன் செல்கள் சௌக்கியமாக இல்லை என்பது தெரியும். அவற்றைக் கொன்றவன் நான்.

உலோகம் ஒட்டாதபடி அமிலத்தில் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்து, உன் செல்களில் விட்டுச் சோதிக்கக் கடல் தண்ணீரை அதிலேயே முக்கி எடுக்கச் சொன்னாய். படகுத்துறையில் குனிந்தேன். என் இடுப்பு எழுப்பிய ஓசையில் கடற்பறவைகள் வேறு கண்டத்துக்குக் குடிபெயர்ந்தன. ஆகவே வீட்டுக்குப் போய், மூன்று வருஷமாக நான் தண்ணீர் குடித்து மூட்டுவலியை விரட்டிய தாமிரக் கூஜாவை எடுத்துவந்து, கயிறு கட்டிக் கடலில் இறக்கி, மொண்டு, பாட்டிலில் ஊற்றி அனுப்பிவிட்டேன். இன்று காலை போனில் நீ, "மாமா, செவுள் செல் ஒண்ணுகூடப் பிழைக்கலை. தாமிரமோ ஈயமோ, எதுன்னு இனிமேதான் பார்க்கணும். அதுவரைக்கும் அங்க மீன் பிடிக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள்ல அறிக்கை எழுதிக் கொடுக்கறேன்" என்றதும், அந்தத் தாமிரம் என் கூஜாவிலிருந்து இறங்கியதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பத்து லட்சம் உயிரை ஒரே கூஜாவில் முடித்த தளபதி சரித்திரத்தில் உண்டா?

உடனே துறையில் மீன் பிடிக்கும் படகுக்காரரிடம் ஓடி, தடை வரவிருந்ததைச் சொல்லி, பழி கூஜாமேல்தான், கடல் பச்சைக் குழந்தை என்று மூன்று முறை சத்தியம் செய்தேன். மனுஷனுக்கு முகம் மலர்ந்தது.

"அப்ப வீட்டுக்கு எடுத்து வச்ச மீனைக் கொட்ட வேணாமா?"

"கொட்டறதா? எனக்கும் ரெண்டு துண்டு எடுத்து வைய்யா."

ஆகையால் மருமகளே, அறிக்கையைக் கிழித்துப் போடு. நீயும் உன் தட்டில் இனி வளரும் உயிர்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்ட மாமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அத்தை கடிதத்தைப் படித்துவிட்டு, சிரித்த சிரிப்பில் புரையேறி உட்கார்ந்திருக்கிறாள். தாமிரக் கூஜா அடிப்பக்கம் ஓட்டை விழுந்து மூன்று வருஷம் முன்பே பழைய பாத்திரக்காரனிடம் போய்விட்டதாம். நான் குடிப்பது அதே நிறத்துப் பிளாஸ்டிக் கூஜாவிலாம். எடை குறைந்தது எனக்குத் தெரியாமலா போகும் என்றேன். "நீங்கதான் கைக்கு பலம் வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே" என்கிறாள். எனவே நான் நிரபராதி, கடல்தான் கெட்டுக் கிடக்கிறது. அறிக்கையைக் கிழிக்காதே. படகுக்காரர் வீட்டில் மீன் அடுப்பேறுவதற்குள் நான் ஓட வேண்டும். இந்த நேரம் பார்த்து மூட்டுவலி திரும்பி வந்துவிட்டது.