தீவுக்கு ரைட் கொடுத்த கண்டக்டர்

கண்டக்டர் அண்ணனை விட்டுவிட்டு எங்கள் தீவின் வரலாற்றை எழுத ஆண்டவனாலும் முடியாது. எழுதினால் விசில் அடித்து நிறுத்திவிடுவார்.

தீவு என்றதும் கடலைத் தேடாதீர்கள். வில்லாபுரத்துக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்குள் மனை போட்டு விற்ற நாலு தெரு. ஐப்பசி பிறந்தால் சுற்றிலும் தண்ணீர். ரிட்டயர்டு பஸ் கண்டக்டரான அண்ணன் அப்போதுதான் மறுபடி டூட்டியில் சேருவார். லாரி டியூப்கள், மேலே ஒரு பழைய கதவு, இரு கரைக்கும் கட்டிய கயிறு. அதுதான் சர்வீஸ். கயிற்றை இழுப்பதும் அவரே, விசில் ஊதுவதும் அவரே. "படியில நிக்காத, உள்ள போ!" என்பார். கதவில் ஏது படி? கேட்டால் இறக்கிவிட்டுவிடுவார்.

கரை சேர்வதற்குள் தீவின் வரலாற்றைச் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். முதன்முதலில் வந்த கிரைண்டர், அவனியாபுரம் வரை மிதந்துபோன காலி சிலிண்டர், ஓட்டுக் கேட்க வந்து தண்ணீருக்குள் விழுந்த வேட்பாளர், எதையும் விடமாட்டார். "வரலாறுன்னா முழுசாச் சொல்லணும் தாயி!"

திருமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தண்ணீர் இடுப்பளவு. முந்தைய வரன்கள் அக்கரையில் நின்று பார்த்துவிட்டு அப்படியே போனவர்கள். இதுவும் போனால் அம்மா தாங்கமாட்டாள். மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து போட்ட சத்தம் எங்கள் மாடி வரை கேட்டது.

"இந்தத் தண்ணிக்குள்ள சம்பந்தமா? திருப்புய்யா!"

நீளமாக ஒரு விசில். கதவு நின்றது.

"நடுவுல எறக்கம் கெடையாதுண்ணே. பஜ்ஜி தின்னுட்டுத்தான் ரிட்டன் ட்ரிப்பு."

மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, "எம்புட்டு ஆழம்ணே?" என்று நடுங்கினார்.

"ஆழத்த விடு தங்கச்சி, வரலாறக் கேளு. இங்கிட்டிருந்து வாக்கப்பட்டுப் போன புள்ள ஒண்ணுகூட கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குத் திரும்புனதில்ல. எப்பிடித் திரும்பும்? அதேன் தண்ணி கெடக்குல்ல!"

அந்தம்மா சிரித்த சிரிப்பில் கதவே ஆடியது. "ரைட் குடுங்கண்ணே" என்றார். தையில் கல்யாணம்.

மறுவருஷ அடைமழையில், நான் கோபித்துக்கொண்டு பெட்டியோடு அக்கரையில் வந்து நின்றேன். என்ன சண்டை என்பது இன்று நினைவில்லை. அன்று எல்லாமே முடிந்துபோன மாதிரி இருந்தது. அண்ணன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏறு தாயி."

விசில் இல்லை, வரலாறு இல்லை. கயிற்றை மட்டும் இழுத்தார். கோபம் தணிந்து, கூப்பிட வந்த கணவரோடு நான் திரும்பியபோதும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது பாலம் வந்துவிட்டது. அண்ணன் அதன் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடக்கிறவர்களை விசில் அடித்து நிறுத்தி வரலாறு சொல்கிறார். போன வாரம் அம்மாவைப் பார்க்கப் போனேன். புதிதாகக் குடிவந்த ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். கிரைண்டர், சிலிண்டர், வேட்பாளர் எல்லாம் முடிந்திருந்தது.

"வாக்கப்பட்டுப் போன புள்ள ஒண்ணுகூட கோவிச்சுக்கிட்டு வந்ததில்ல" என்றவர், என்னைப் பார்த்துவிட்டார். "என்ன தாயி, சரிதான?"

"சரிதாண்ணே" என்றேன்.

வரலாற்றில் எதையும் விடாத மனுஷன், எனக்காக அந்த ஒரு ட்ரிப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.