அறுநூற்றுப் பன்னிரண்டு சுவர்கள்

கேமரா வாங்குபவர்கள் ஓர் இனம். கேமராக்களை ஒப்பிடுபவர்கள் வேறோர் இனம். முதல் இனத்தாரிடம் படங்கள் இருக்கும். இரண்டாம் இனத்தாரிடம் கட்டம் போட்ட நோட்டு இருக்கும்.

நம் ஒப்பீட்டாளரையே பாருங்கள். மகள் முதன்முதலாகக் குப்புறக் கவிழ்ந்த வாரம், சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கப் புறப்பட்ட மனிதர், அவள் தவழ்ந்து, உட்கார்ந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கும் வரைக்கும், ஐந்து கடைக்காரர்களின் பொறுமையையும் இரண்டு நோட்டுகளையும் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடும் நிறைந்த ஞானத்தோடும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பாப்பா நடக்கிறதுக்குள்ளயாவது வாங்கிடுவீங்களா? அந்த முதல் அடியாவது எனக்குப் படமா வேணும்" என்றாள் மனைவி.

"அவசரப்பட்டா ஆச்சா? ஒண்ணுல ஜூம் ஜாஸ்தி, ஆனா வெளிச்சம் குறைஞ்சா புள்ளி புள்ளியா வருது. இன்னொண்ணுல படம் பளிச்சுனு இருக்கு, ஆனா பேட்டரி பாதியில கையை விரிச்சிடுது. மூணாவது எல்லாத்துலயும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அதையே வாங்குங்களேன்!"

"குறையே தெரியலைன்னா சந்தேகமா இருக்காதா?"

மனைவி நோட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாளே அவர் ஒன்றை வாங்கிவிட்டார். உடனே மகளைப் படம் பிடித்தாரா? அதெப்படி? லென்ஸ் யோக்கியமானதுதானா என்று முதலில் தெரிய வேண்டாமா? அதற்கு இந்த இனத்தார் கைக்கொள்ளும் சடங்கு, பூசாத செங்கல் சுவரைப் படம் எடுப்பது; செங்கல் வரிசை வளைந்தால் லென்ஸில் கோளாறு. எதிர்வீட்டுச் சுவரைக் காலையில், உச்சிவெயிலில், மேகம் மூடியபோது, ஜூம் போட்டு, போடாமல் எடுத்துத் தள்ளினார். எடுத்த படங்களின் மூலைகளைப் பெரிதாக்கி, செங்கல் செங்கலாக விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நாற்காலியை விட்டாள். ஓர் அடி. அப்பா பாய்ந்து பொத்தானை அமுக்கினார். மெமரி கார்டில் இடமில்லை என்றது கேமரா. உள்ளே அறுநூற்றுப் பன்னிரண்டு சுவர்கள்.

"ஏதாவது ஒண்ணை அழிங்க!" என்று கத்தினாள் மனைவி.

"எதை அழிக்கிறது? இன்னும் ஒப்பிட்டே பாக்கலையே!"

மூன்றாவது அடியில், விருந்துக்கு வந்திருந்த மச்சினன், கண்ணாடி விரிசல் விட்ட தன் பழைய போனை நீட்டிப் படம் பிடித்தான். "கிடைச்சிடுச்சு அக்கா!"

அந்தப் படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் குழந்தையின் சிரிப்பைப் பார்க்கிறார்கள். நம் ஒப்பீட்டாளர் மட்டும் மூக்கு உரசக் கிட்டே நின்று, மச்சினனிடம் "இடது ஓரம் கொஞ்சம் கலங்கல், மாப்ளே" என்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அவர் கடைசியில் வாங்கியது அந்த மூன்றில் எது என்று நான் சொல்லவில்லை. அது உங்களை லேசாக உறுத்துகிறதா? எதற்கும் போய் உங்கள் கார்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள்.