இருபத்துநான்கில் ஒரு பங்கு தண்ணீர் வண்டி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது முதல் சாதனை. அதன்மேல் வண்டியை ஏற்றி ஓட்டியது இரண்டாவது. அந்த வண்டியை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக்கில் ஒட்டி, வண்ணம் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, யாரையும் தொடவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் மூன்றாவதும் முடிவானதுமான சாதனை. அந்தமான் இந்த மூன்றாம் கட்டத்தை எட்டிவிட்ட செய்தி மெயின்லேண்டில் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பாவம், தண்ணீர் வண்டிப் பிரிவின் தலைமை எழுத்தர் திரு. நல்லதம்பியை அவர்களுக்குத் தெரியாது.

நல்லதம்பி ஆரம்பத்தில் கார்கள்தான் செய்துகொண்டிருந்தார். ஏழு வருடத்தில் முப்பத்தொரு கார்கள். பாகங்கள் அடங்கிய பெட்டி தபாலில் வரும். வண்ணமும் தின்னரும் தீப்பிடிக்கும் சாமான் என்பதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் தாமதமானால் அபர்டீன் பஜாருக்குப் போய் பேன்சி ஸ்டோரில் நகப்பூச்சு வாங்கிவிடுவார். சிவப்பில் நாலு, நீலத்தில் மூன்று, வெள்ளியில் ஆறு. அந்தக் கடைக்காரர் நல்லதம்பிக்கு வயதுக்கு வந்த பெண்கள் ஐந்தாறு பேர் இருப்பதாக நம்பி, பார்க்கும்போதெல்லாம் அனுதாபப்படுவார். நல்லதம்பிக்குக் குழந்தையே இல்லை. நீலாவதி என்று ஒரு மனைவி மட்டும் உண்டு. அவள் நகப்பூச்சு போடுவதில்லை.

கோயம்புத்தூரில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியச் சிற்றூர்திக் கலைப் போட்டிக்கு மூன்று முறை கார் அனுப்பினார். மூன்று முறையும் நடுவர்கள் ஒரே பதிலை எழுதினார்கள்: “வேலை சுத்தம். உயிர் இல்லை.”

உயிர் இல்லையாம்! நல்லதம்பிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் விஷயம் புரிந்தது. பளபளவென்று நிற்கும் காருக்கு ஏது உயிர்? கீறல் வேண்டும், நசுங்கல் வேண்டும், முக்கியமாகத் துரு வேண்டும். உப்புக்காற்றில் சைக்கிள் பூட்டுகூட ஒரு மழைக்குத் தாங்காத தீவில் உட்கார்ந்துகொண்டு துருவைத் தேடி எங்கே போவது? அலுவலக வாசலைத் தாண்டினால் போதும்.

அங்கேதான் நின்றது தண்ணீர் வண்டி எண் ஏழு. மேட்டுக் காலனிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரே வண்டி. காலனிக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒரு டீ கொதிக்கும் நேரத்துக்குத் தண்ணீர் வரும். மீதி வாழ்க்கைக்கு எண் ஏழுதான். சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் அது படுத்துவிட்டது. மெக்கானிக் பிஸ்வாஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நாற்பது வருடமாகத் தமிழர்களோடு பழகிய வங்காளி அவர்.

“பாபு, பம்ப்புக்கு ஒரு ஸீல். டேங்க் அடியில ஒரு பட்டை வெல்டிங். தோ தின் கா காம். ரெண்டே நாளு.”

ரிப்பேர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நல்லதம்பி வண்டியைச் சுற்றி வந்தார். கதவின் கீழ்ப்பக்கம் முறுகல் தோசையின் ஓரம் மாதிரி சிவந்து பொரிந்திருந்தது. மட்கார்டில் ஒருவிதம், போல்ட்டைச் சுற்றி ஒருவிதம், தண்ணீர் ஒழுகும் இடத்தில் நீளமாக வழிந்து ஒருவிதம். மொத்தம் ஐந்து விதமான துரு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பிஸ்வாஸ் தாதா, இதுல கை வைக்காதீங்க.”

“க்யோன் பாபு? ஏன்?”

“ஆய்வு நடக்குது.”

ஃபைலில் “பொருள் கூர்ந்து ஆராயப்படுகிறது” என்று எழுதினார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அரசாங்க வரலாற்றில் ஒரு பொருள் இவ்வளவு கூர்மையாக ஆராயப்பட்டதே இல்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், பூதக்கண்ணாடியுடன்.

ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. வண்டி ஒரு வாரத்துக்கு மேல் ஓடாவிட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, மாற்று வண்டி ஏற்பாடு செய்யவேண்டும் என்பது விதி. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதலில் துருவைத்தான் சுரண்டுவார்கள். கலை நெஞ்சம் இதைப் பொறுக்குமா? அதனால் நல்லதம்பி ஓட்டப் பதிவேட்டைத் திறந்து, “எண் 7, மேட்டுக் காலனி, மூன்று ட்ரிப்” என்று எழுதினார். முதல் நாள் எழுதுமுன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். மூன்றாம் மாதம் அவர் வேறு யோசனையில் இருக்கும்போது கை தானாகவே எழுதிக்கொண்டது.

வீட்டில் வேலை வேகமாக நடந்தது. லாரியின் உடம்பு தபாலில் வந்தது. டேங்கை அவரே பிளாஸ்டிக் குழாயை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உருவாக்கினார். துரு நிறத்தைப் பூசி, ஈரத்தோடு கல்லுப்பைத் தூவி, மேலே நீலம் அடித்து, காய்ந்ததும் உப்பைப் பல் பிரஷால் தட்டிவிட்டால் வண்ணம் உரிந்து அடியில் துரு எட்டிப் பார்க்கும். அதற்கும் மேலே எண் ஏழிலிருந்தே சுரண்டி மாத்திரை டப்பாவில் கொண்டுவந்த அசல் துருப்பொடி. “தண்ணீர் வண்டி – 7” என்ற எழுத்து ஸ்டிக்கரை மட்டும் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் ஒட்ட முடியும்.

“என்னங்க, செம்புல குடிக்கத் தண்ணி வச்சிருந்தேனே?” என்றாள் நீலாவதி.

“எழுத்து ஊறுது.”

“அது நான் கீழ்க்குழாய்ல இருந்து தூக்கிட்டு வந்தது. நூத்திப் பன்னெண்டு படி!”

“அதனாலதான் ஒரு செம்போட நிறுத்திக்கிட்டேன்.”

ஆமாம், வாசகர்களுக்கு இதைச் சொல்ல விட்டுப்போயிற்று. நல்லதம்பி குடியிருப்பதும் மேட்டுக் காலனியில்தான். கலைக்காகத் தன் வீட்டுத் தண்ணீரையே தியாகம் செய்தவர் அவர். தூக்குவது மட்டும் நீலாவதி.

மாசி மாதம் காலனிப் பெண்கள் மனுவோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். முன்னால் பேச்சியம்மா. நல்லதம்பியின் அடுத்த வீட்டுக்காரி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து முப்பது வருடம் ஆனவள்.

“தம்பி, பத்து மாசமாச்சு. வண்டி ஏன் வரல?”

“வருதே அக்கா. பதிவேட்டின்படி மேட்டுக் காலனிக்கு தினமும் மூணு ட்ரிப் வருது.”

“ஐயோ, வண்டி அந்தா வாசல்லயே நிக்குதே! கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?”

“நீங்க பார்க்கிறது ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல நிக்கிறது.”

“சக்கரத்துக்குள்ள கோழி முட்டை வச்சிருக்கு, தம்பி.”

நல்லதம்பி இதைக் குறித்துக்கொண்டார். முட்டையை அவர் கவனிக்கவே இல்லை. மாடலில் விடுபட்டுப் போயிருக்கும்.

“ஒங்க வீட்லயும்தான் தண்ணி இல்ல. நீலா எங்க கூடத்தான் படி ஏறுதா.”

“நீலாவதி என்பவர் தனிநபர், அக்கா. இது ஆபீஸ்.”

“அப்போ தினமும் வந்த தண்ணியெல்லாம் எங்க போச்சு?”

“அது விநியோகத்துக்குப் பிந்தைய விஷயம். எங்க பிரிவுல வராது.”

பேச்சியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நல்லா இருப்ப” என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லதம்பி அதை வாழ்த்துகள் பகுதியில் சேர்த்துக்கொண்டார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீலாவதி எழுபதாவது படியில் தண்ணீர்க் கேனோடு விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டோடு பேச்சியம்மா அவளை வீட்டுக்கு அழைத்துவந்தபோது நல்லதம்பி மேஜையில் குனிந்திருந்தார். டேங்கின் அடியில், தெளிந்த பசையால், ஒழுகப்போகும் ஒரே ஒரு சொட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“என் கை ஒடிஞ்சு வந்து நிக்கிறேன். உங்களுக்கு அந்தப் பொம்மை ஒழுகுறதுதான் பெருசாப் போச்சா?” என்றாள் நீலாவதி. அவள் கத்தவில்லை. “இந்த ஒரு வருஷத்துல எண் ஏழுல இருந்து வந்த ஒரே சொட்டு அதுதான். நல்லா ஒட்டுங்க.”

நல்லதம்பி பசையைக் கீழே வைத்தார். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே வைத்தார். நாளைக் காலையில் முதல் வேலையாக வண்டிச் சாவியை பிஸ்வாஸிடம் கொடுத்துவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். காலையில் சாவியோடு போனார். இடது மட்கார்டின் மூலையில், நேற்று இல்லாத, ஊதா கலந்த ஆறாவது துரு ஒன்று பூத்திருந்தது. முடிவு போட்டித் தேதிவரை ஒத்திவைக்கப்பட்டது.

மாடல் முடிந்தது. முட்டை உட்பட. இப்போது ஒரு தாள் மட்டுமே பாக்கி. “உள்ளது உள்ளபடி” என்ற பிரிவில் போட்டியிட, அப்படி ஒரு வண்டி அதே நிலையில் இருக்கிறது என்று உரிமையாளர் சான்று தரவேண்டும். நல்லதம்பி மாடலைத் துண்டில் பொதிந்து, பிரிவின் உதவிப் பொறியாளர் ஸ்ரீதரிடம் எடுத்துப்போனார்.

“அடடா!” என்றார் ஸ்ரீதர். “அதே கழுதைதான். தத்ரூபம் மிஸ்டர் நல்லதம்பி! ஆபீஸுக்கே பெருமை.”

“சான்று ஒண்ணு வேணும் சார். ‘பதினோரு மாதமாகத் துருப்பிடித்து நிற்கிறது’ன்னு.”

ஸ்ரீதர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

“நான் இப்படிக் கையெழுத்துப் போட்டா, பதினோரு மாசமா மூணு ட்ரிப் ஓடினது எந்த வண்டி?”

“இதே வண்டிதான் சார்.”

“அதை எழுதினது யாரு?”

“நான்தான் சார். தினமும் கீழே கையெழுத்துப் போட்டது நீங்க.”

ஸ்ரீதர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“போட்டோ வச்சு அனுப்பிடலாமா சார்?”

“போட்டோவா? அது ஆபீஸ் ரகசியம்.”

கடைசியில் இருவரும் சேர்ந்து உண்மைக்கும் பதிவேட்டுக்கும் பொதுவான ஒரு வாசகத்தைத் தேடி, அது கிடைக்காமல், பதிவேட்டின் பக்கம் சாய்ந்தார்கள்: “தண்ணீர் வண்டி எண் 7 புதுப் பொலிவுடனும் நல்ல ஓடும் நிலையிலும் இருந்து, தினமும் மூன்று ட்ரிப் சேவையாற்றி வருவதாகச் சான்றளிக்கப்படுகிறது.”

உறையை ஒட்டுமுன் நல்லதம்பி ஒரு நிமிடம் தயங்கினார். இதைக் கிழித்துப் போட்டு நிஜத்தைத் தன் கைப்பட எழுதி அனுப்பினால் பரிசு நிச்சயம். காலனிக்குத் தண்ணீரும் நிச்சயம். தனக்கு மெமோவும் நிச்சயம். மூன்றில் கடைசி ஒன்றுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதோடு, சான்றிதழை யார் படிக்கப்போகிறார்கள்? இருபத்திரண்டு வருடப் பணியில் அவர் எழுதியதை ஒருவரும் படித்ததில்லை. எச்சில் தொட்டு உறையை ஒட்டினார்.

கோயம்புத்தூரில் படித்துவிட்டார்கள்.

முடிவு வந்தது. மாடல் “உள்ளது உள்ளபடி” பிரிவிலிருந்து நீக்கப்பட்டு, “கற்பனை ஊர்திகள்” பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே இறக்கை வைத்த ஆட்டோவையும் கடலுக்கடியில் ஓடும் பேருந்தையும் தோற்கடித்து முதல் பரிசு பெற்றிருந்தது.

பாராட்டு விழா மேட்டுக் காலனி சமுதாயக் கூடத்தில் நடந்தது. காலனியின் மைந்தர் அல்லவா! கூட்டம் சேர்க்க காலனிப் பெண்கள் வரவழைக்கப்பட்டார்கள். முதல் வரிசையில் மாவுக்கட்டோடு நீலாவதி. அவள் காலடியில், இடது கையால் படியேற்றிய தண்ணீர் பாட்டில். பக்கத்தில் பேச்சியம்மா. ஸ்ரீதர் நடுவர்களின் கடிதத்தை உரக்கப் படித்தார்:

“துருவில் உயிர் ததும்புகிறது. ஆனால் மக்கள் குடிக்கும் தண்ணீரைக் கொண்டுபோகும் வண்டியை இந்த நிலையில் விட்டுவைக்க எந்த அலுவலகத்துக்கும் மனம் வராது. எந்தக் காலனியும் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்காது. உரிமையாளரின் சான்றும் இதையே உறுதி செய்கிறது. ஆகவே இது முழுக்க முழுக்கக் கலைஞரின் கற்பனை. வியக்கத்தக்க கற்பனை!”

ஸ்ரீதர் கைதட்டினார். பழக்கத்தில் நாலு பேர் கூடத் தட்டினார்கள். பெண்கள் தட்டவில்லை. பேச்சியம்மா திரும்பிப் பக்கத்திலிருந்தவளிடம், “கேட்டியாட்டி? நாமளும் கற்பனைதானாம்” என்றாள்.

ஸ்ரீதர் நல்லதம்பியின் கழுத்தில் பதக்கத்தை மாட்டி, ஒரு முழு லட்டை அவர் வாயில் திணித்தார். போன பண்டிகைக்குச் செய்த லட்டு. நல்லதம்பிக்கு அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கியது. யாரோ கூடத்துக் குழாயைத் திருகினார்கள்; அது காற்றை விட்டது.

“நீலா... தண்ணி...” என்று மேடையிலிருந்து கையை நீட்டினார் நல்லதம்பி.

நீலாவதி பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நம்ம காலனிக்குத்தான் தினமும் மூணு ட்ரிப் வருதேங்க. அதுல பிடிச்சுக் குடிங்க.”

கழுத்தில் பதக்கம் குதிக்க, நூற்றுப் பன்னிரண்டு படிகளும் இறங்கி, கீழ்க்குழாயில் பதினேழு குடத்துக்குப் பின்னால் நின்று, தலைமை எழுத்தர் அன்று முதன்முறையாகத் தன் கையால் பிடித்த தண்ணீரைக் குடித்தார்.

விழாவின் கூட்டக் குறிப்பு மறுநாளே ஃபைலில் ஏறிவிட்டது. அதன் கடைசி வரி: “வந்திருந்த அனைவருக்கும் தாராளமாகக் குடிநீர் வழங்கப்பட்டது.” கீழே கையெழுத்து, நல்லதம்பி.