கம்பவுண்டரும் கால் கிலோ ஈயமும்

கையில் கிடைத்த பொருளின் விலையைக் கேட்காமல் அதன் நடுவைத் தேடிய மனிதர் சங்கரன்கோவிலில் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் கம்பவுண்டர். குடையைக் கொடுத்தால் விரிக்க மாட்டார். ஒற்றை விரலில் குறுக்கே வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்ப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார்க் கரண்டியை வாங்கி விரலில் நிறுத்திக்கொண்டு அவர் யோசித்தபோது, பந்தி முழுவதும் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "காம்பு நீளம் காணாது வே" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எங்களுக்குச் சாம்பார் வந்தது.

மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும்; யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தபால் ஆபீஸ் குமாஸ்தா, அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். அவர் மனைவியை மதினி என்று கூப்பிட்டு, வாரத்துக்கு நாலு நாள் அந்த வீட்டுக் குழம்பில் உயிர் வளர்த்தவன்.

கம்பவுண்டருக்கு ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் உண்டு. லைசென்ஸோடு வாங்கியது. அதை வைத்து ஒரு காக்கையைக்கூட அவர் சுட்டதில்லை. எல்லாம் திருநெல்வேலியில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில் காகித வட்டத்தைச் சுடுவதற்குத்தான். படுத்துச் சுட்டால் மனிதர் புலி. எழுந்து நின்றால் போச்சு. இரண்டு வருஷம் தொடர்ந்து நின்று சுட்டதில் கோட்டை விட்டார். ரைஃபிள் கிளப் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்:

"ஓய் கம்பவுண்டரே, இந்த வருஷமும் தேறலைன்னா, மாநிலப் போட்டி டீம்ல சேத்துக்கிடும்னு எங்கிட்ட வரப்படாது. இளவட்டப் பயலுவ காத்துக் கெடக்கானுவ."

அன்றிலிருந்து கம்பவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். "கோளாறு எங்கிட்ட இல்ல வே. துப்பாக்கிக்கு நடு சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மதினி, அடுப்படியிலிருந்தே.

கம்பவுண்டர் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு விளக்கினார். "குழல் மூக்கு லேசா இருந்தா கைக்குச் சொகம், ஆனா துப்பாக்கி தட்டான் மாதிரி அலையும். மூக்கு கனத்தா அலையாது. ஆனா பத்துக் குண்டுக்குள்ள கை செத்துப்போவும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு வே. அதைப் பிடிக்காம விட மாட்டேன்."

விடவும் இல்லை. ஈயத் தகட்டை வெட்டிக் குழலுக்கு அடியில் கட்டையில் ஒட்டுவார். தூக்கிப் பார்ப்பார். ஒரு நகக்கண் அளவு கத்தரிப்பார். மறுபடி ஒட்டுவார். மாட்டுக்கு ஊசி போட வந்தவர்கள் மாட்டோடு காத்து நிற்பார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடி, ஏறக்குறைய கால் கிலோ ஈயம் அங்கே குடியேறியது. கடைசியில் ஒருநாள், ரைஃபிள் அவர் விரலில் சாயாமல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தலைப்பிள்ளை பிறந்தவர் மாதிரி எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

முற்றத்தில் அவர் ரைஃபிளைத் தூக்கி நின்று பழகியதில் தெருவில் பால்காரர் வருவதை நிறுத்திவிட்டார். அதனால் துப்பாக்கிக்குப் பதிலாக மதினியின் உலக்கையை எடுத்தார். இரும்புப் பூண் முன்பக்கம் இருக்கும்படி தோளில் சாத்தி, ஒரு கண்ணை மூடி, சுவரில் இருந்த கரும்புள்ளியைக் குறிபார்த்து, கால் மணி நேரம் அசையாமல் நிற்பார். மதினி மாவு இடிக்க முடியாமல் அரிசியோடு பக்கத்தில் நிற்பார்.

"இங்கேருங்க, சுட்டு முடிச்சாச்சுன்னா உலக்கையைக் குடுங்க."

"பேசாத ஏட்டி, மூச்சு கலையுது."

போட்டி அந்த வருஷம் விஜயதசமி அன்று வந்தது. முதல் நாள் ஆயுத பூஜை. ராயகிரிப் பக்கம் ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வர, கம்பவுண்டர் விடியவே போய்விட்டு, சாயங்காலம் பூஜை முடிகிற நேரத்துக்குத்தான் திரும்பினார். அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஊசிப் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் ரைஃபிள் சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று இருந்தது. கம்பவுண்டர் திருப்தியாக உட்கார்ந்து, தட்டில் இருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்.

"நல்லாருக்கே. ஏது ஏட்டி?"

"தெருவுல பேரீச்சம்பழக்காரன் வந்தான். உங்க துப்பாக்கிக்கு அடியில என்னமோ அழுக்கா அப்பிக் கெடந்துச்சு. சாமி முன்னால அப்பிடியா வைக்கதுன்னு சுரண்டி எடுத்தேன். பாத்தா ஈயம்! போட்டேன், தாராளமாத் தந்தான்."

கம்பவுண்டர் பழத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. ஒரு வருஷ உழைப்பு கொட்டையோடு அவர் வாயில் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பதால், எதிரே உட்கார்ந்து ரைஃபிளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மதினி முகம் வெளிறிப்போய் உள்ளே போனார்.

விடிந்தது. பூஜை விடுமுறை, ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. மிச்ச ஈயம் கிடந்த ஆஸ்பத்திரியின் சாவி டாக்டரிடம், டாக்டர் சொந்த ஊரில். "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றேன்.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இல்ல வே. உரலுக்குள்ள தலையை விட்டாச்சு. உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? கெளம்பும்."

கொல்லைப்புறத்தில் ணங், ணங் என்று சத்தம். போய்ப் பார்த்தால் மதினி அம்மிக் குழவியால் உலக்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு மாவு இடிக்க வைத்திருந்த உலக்கை. பூண் கழன்று விழுந்ததும் எடுத்து வந்து நீட்டினார்.

"இத்தனை நாளா இதைத்தான தூக்கிட்டு நின்னீங்க. இதோட கனம் உங்க கைக்குத் தெரியும்லா."

"ஈயத்தோட எடை வராதே?" என்றேன் நான், யாரும் கேட்காமலே.

"எடை கொறஞ்சா என்ன வே? இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளுனா அதே வேலையைச் செய்யும்." மாட்டுக் காலுக்குப் போடும் கட்டுத்துணியால் பூணைக் குழலுக்கு அடியில் சுற்றி, தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளினார். மதினியின் துடைப்பில் பென்சில் கோடு மட்டும் தப்பியிருந்தது. விரல் அந்தக் கோட்டுக்கு வந்து, ரைஃபிள் சாயாமல் நின்றதும் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

போட்டி மைதானத்தில் துப்பாக்கிகளைச் சோதித்த அதிகாரி எடை போட்டுப் பார்த்தார். எடை வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் மனிதருக்கு மனசு ஆறவில்லை.

"என்னய்யா இது?"

"பேலன்ஸுக்கு, சார்."

"குங்குமம் இருக்கே?"

"நேத்து ஆயுத பூஜைலா, சார்."

விதியில் குங்குமத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. விட்டுவிட்டார்.

கம்பவுண்டர் நின்றார். பக்கத்தில் இளவட்டங்கள் தூக்குவதும் இறக்குவதுமாகத் தவித்தார்கள். இவர் அவசரப்படாமல் தூக்குவார், நிற்பார், சுடுவார், இறக்கி மூச்சு விடுவார். மனசுக்குப் பிடிக்காவிட்டால் சுடாமலே இறக்கிவிடுவார். மதினி என் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் "கோமதித் தாயே" என்றார். கடைசிக் குண்டுவரை அந்தக் குழல் அலையவில்லை.

சாயங்காலம் மாநில டீமுக்கான பெயர்களை வாசித்தார்கள். கடைசிப் பெயர் எனக்குப் பழக்கம் இல்லாத பெயர். கம்பவுண்டர் எழுந்து நின்ற பிறகுதான் அது அவர் பெயர் என்று எனக்குத் தெரிந்தது.

வெளியே காப்பிக் கடைக்குப் போனோம். டம்ளரை எடுத்தவருக்குக் கை கிடுகிடுவென்று நடுங்கிப் பாதிக் காப்பி வேட்டியில் கொட்டியது. வெட்கத்தோடு என்னைப் பார்த்தார். மதினி டம்ளரை வாங்கி, அத்தனை பேர் நடுவிலும், பிள்ளைக்குப் புகட்டுவது போல அவர் வாயருகே பிடித்தார். நான் தெருவைப் பார்க்கிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்த இரண்டு பேரையும் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.