தொம் அண்ணன் தேடிய பேஸ்

பினாங்குத் தீவைத் தனி ஆளாக ஓர் அங்குலமாவது நகர்த்திய மனிதர் யாராவது உண்டென்றால், அது எங்கள் பக்கத்து வீட்டுத் தொம் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஃபெர்ரி கரைக்கு வர ஒரு நிமிஷம் கூடுதலாக ஆகிறது என்று யாராவது சொன்னால் நான் மறுபேச்சில்லாமல் நம்புவேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வாசல் பலகையில் எழுதிக்கூட மாட்டியிருந்தார். தபால்காரர் முதல் தவ்வு என்கிற சோயாக் கட்டி விற்க வருகிற அங்கிள் வரை யாரும் அதைப் படித்ததில்லை. 'தொம்' என்று சுவர் அதிர்ந்ததும் ஆளைத் தெரிந்துகொள்வார்கள்.

எண்பதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், நானும் சரோஜாவும் டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியேறினோம். வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் தைலம் தேடுவார்கள். எங்களுக்கு அடுத்த வீடு தொம் அண்ணனுடையது. அவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர் ஐயா.

நாங்கள் சாமான் இறக்கிய அன்றே தொம் அண்ணன் வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கொசு கூட அவரைவிடச் சத்தமாகப் பேசும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்வதைக் கேட்க ஜனங்கள் கண்ணாடித் துவாரத்துக்குள் தலையை விடுவார்களாம். வெளியே எடுக்கும்போது காது மாட்டிக்கொள்ளுமாம். அப்பேர்ப்பட்டவர் எங்கள் இருவருக்கும் பொதுவான சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டி செவுரு தம்பி," என்று முணுமுணுத்தார்.

எங்கள் பாதுகாப்பில் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் சரோஜா காப்பி கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் பிஸ்கட் டின் அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாக நடந்துபோய்க் கீழே குதித்தபோதுதான் அவர் எதற்குச் சுவரைத் தட்டினார் என்று புரிந்தது.

கதை ஒரு கடையில் ஆரம்பித்திருக்கிறது. டவுனில் ரேடியோ சாமான் விற்கும் கடை ஒன்றில் தவில் கேசட் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மின்விசிறி வாங்கப்போன தொம் அண்ணன் விசிறியை மறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"தவுல் காதுல விழல தம்பி. நெஞ்சுல விழுந்துச்சு. உள்ள யாரோ ஒக்காந்து அடிக்கிற மாதிரி."

அதே செட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஹாலில் மாட்டினார். தன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். தவில் தகர டப்பா மாதிரி கேட்டது. நெஞ்சுக்குள் யாரும் வந்து உட்காரவில்லை.

அன்று பிடித்தது பைத்தியம். முதலில் ஸ்பீக்கர்களைச் செங்கல் மேல் ஏற்றினார். பத்தவில்லை. செங்கல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பழைய சைக்கிள் டயரை வெட்டிவைத்தார். பத்தவில்லை. பேஸுக்கென்றே, அதாவது அடிவயிற்றில் இடிக்கிற கனத்த சத்தத்துக்கென்றே, தனியாக ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு, சப்வூஃபர் என்று பெயர், அது வந்தால்தான் தவில் தவிலாகும் என்று யாரோ சொல்ல, சிங்கப்பூருக்குப் போய் வாங்கிவந்தார். ரயிலில் அதை ஜன்னலோர இருக்கையில் உட்காரவைத்து, இவர் நின்றுகொண்டே வந்ததாகப் பேச்சு. கேட்டால் மறுக்கமாட்டார்.

ஸ்பீக்கர் வந்தது, அதை மாட்டப் பெட்டி வேண்டுமே. கனமான மரமாக இருக்க வேண்டும், காற்று கசியக் கூடாது. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் மனைவி பத்மா அக்காவின் புடவை அலமாரி கண்ணில் பட்டது.

பத்மா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னதை நான் அப்படியே தருகிறேன். "கல்யாணத்துக்கு எங்கப்பா குடுத்த அலமாரிலா அது. தேக்கு. காலையில பாசாருக்குப் போயிட்டு வந்து பாக்குறேன், வட்டமா ஓட்டை. உள்ளேருந்து இவரு தலைய நீட்டி, 'பத்மா, மரம் நல்ல மரம்'ங்கிறாரு. என் பொடவையெல்லாம் இப்ப அரிசி டின்னு மேல கெடக்கு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது. அரிசி எங்கன்னு கேக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

அலமாரி பேச ஆரம்பித்த பிறகு சந்தில் வாழ்க்கை மாறியது. எங்கள் வீட்டு நாள்காட்டி முருகன் ஞாயிறுதோறும் மயிலோடு சேர்ந்து ஆடினார். எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டியின் பூனை கூரைமேல் ஏறி, திங்கட்கிழமைதான் இறங்கியது. மாஸ்டர் ஐயா தண்ணீர் டம்ளரில் கழற்றிப்போட்ட பல்செட், அவர் வாய்க்குள் இருந்தபோதுகூட அவ்வளவு பேசியதில்லை. அந்த வருஷம் தீவின் மறுகோடியில், பாலிக் புலாவில், டுரியான் பழங்கள் முன்னதாகவே விழுந்ததற்கும் இவர்தான் காரணம் என்று ஒரு கட்சி இருந்தது.

இதில் ஒரே ஒருவருக்கு மட்டும் திருப்தியில்லை. தொம் அண்ணனுக்கு.

அவருக்கு வியர்வை அதிகம். ஹாலின் நட்ட நடுவில், கூரை விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அதில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கழித்துச் சோகமாகத் திறப்பார்.

"பத்தல தம்பி."

"அண்ணே, எங்க வீட்டுக் கண்ணாடி ஆடுதுண்ணே."

"அப்படியா?" என்று பொறாமையோடு கேட்பார். "இங்க ஒண்ணுமே வரலியே." எழுந்துபோய் இன்னும் கொஞ்சம் திருகுவார். திரும்பி வந்து உட்காருவார். "ம்ஹூம்." பத்மா அக்கா அடுப்படியிலிருந்து, குதிக்கிற மூடியைக் கையால் அமுக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்.

கோபித்துச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு மெல்லிய குரலுடைய ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? நாம் கத்தியதற்கு அவர் சொன்ன பதில் கேட்காமல், "என்னண்ணே?" என்று குனிந்து கேட்கும்போதே பாதிக் கோபம் போய்விடும்.

மாஸ்டர் ஐயாவின் ஒரே மகள் சிவகாமிக்கு வரன் வந்ததும்தான் விஷயம் வினையானது. மாப்பிள்ளையின் அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தோட்ட ஆபீஸில் எல்லாக் கிளார்க்குகளுக்கும் மேலானவர். பருத்த உடம்பு. தன் உடம்பைப்பற்றி அவருக்கு எந்நேரமும் கவலை. ஒரு ஞாயிறு மாலை குடும்பத்தோடு பெண் பார்க்க வந்தார்கள்.

தொம் அண்ணனுக்கு இது தெரியாது. வழக்கம்போல் தவிலைப் போட்டுவிட்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம், மாஸ்டர் ஐயா வீட்டில், கிராணியார் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வடையை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. மற்ற கை நெஞ்சுக்குப் போனது.

"எனக்கு நெஞ்சு அடிக்குது."

"எல்லாருக்கும் அடிக்கும்தானே," என்றார் மாஸ்டர் ஐயா.

"இது தாளத்தோட அடிக்குது."

காரில் அள்ளிப்போட்டு ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்; மறுபடி அடித்தது. எழுந்து வாசலுக்கு ஓடினார், நின்றது. மாஸ்டர் ஐயா பக்கத்து வீட்டைக் கைகாட்டி விளக்குவதற்குள், இந்த வீட்டுச் சம்பந்தம் தன் இதயத்துக்கே ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் மாஸ்டர் ஐயா தொம் அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். நானும் இருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஐசே, உம்மட பெட்டியாலை என்ர பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப் போச்சு. அவள் ராத்திரி சாப்பிடேல்லை."

தொம் அண்ணன் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய் அலமாரிக்குப் பின்னாலிருந்த வயரைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து, மாஸ்டர் ஐயாவிடமே கொடுத்தார். "நீங்களே வச்சுக்குங்க ஐயா." அதற்குமேலும் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு சுங்கை பாக்காப்புக்குக் கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். ஃபெர்ரி, பஸ், அப்புறம் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடை. கிராணியார் தன் பங்களாவில், நாடியைப் பிடித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தொம் அண்ணன் நெடுநேரம் உதட்டை அசைத்தார்.

"இவர் என்ன சொல்லுறார்?" என்று கிராணியார் என்னைக் கேட்டார். தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. "அன்னிக்கு அடிச்சது உங்க நெஞ்சு இல்லையாம் ஐயா. இவரோட அலமாரியாம்."

"உம்மட அலமாரி உம்மட வீட்டிலை. என்ர நெஞ்சு மாஸ்டர் வீட்டிலை அடிச்சது. அதெப்படி?"

"ஒரே ஒரு தடவ வந்து பாருங்க ஐயா," என்றார் தொம் அண்ணன். அதை மட்டும் எங்கிருந்தோ சத்தம் வரவழைத்துச் சொன்னார். கண்ணில் நீர் நின்றது. கிராணியார் இளகிவிட்டார். தன் நெஞ்சு தப்பில்லை என்று நிரூபிக்க ஒருவன் இவ்வளவு தூரம் வந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தொம் அண்ணன் வீட்டு ஹாலில் கோர்ட்டு கூடியது. மாஸ்டர் ஐயா வயரைத் திருப்பிக் கொடுத்தார். கிராணியாரை மரியாதையாக நடு நாற்காலியில், விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். நானும் சரோஜாவும் சுவரோரம் நின்றோம். வாசல் பக்கம் சிவகாமி, நகத்தைக் கடித்தபடி.

தவில் தொடங்கியது. என் கால்சட்டை படபடத்தது. சரோஜாவின் வளையல்கள் தாமாகக் குலுங்கின. கிராணியார் மட்டும் ஒரு கையை நெஞ்சில் வைத்துக் காத்திருந்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

தொம் அண்ணன் கூட்டினார். அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தது.

"இல்லை. ஒண்டும் இல்லை."

முழுசாகத் திருகினார். எதிர்வீட்டுப் பூனை கூரைக்குப் போகும் சத்தம் கேட்டது. கிராணியார் கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் நிம்மதியாக இருந்தார். கடைசியில் எழுந்துவிட்டார். "பெட்டியிலை பிழை இல்லை. மாஸ்டரின்ர வீட்டிலைதான் ஏதோ இருக்குது. நான் வாறன்."

சிவகாமியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கிராணியார் வாசலை நோக்கி நடந்தார். மூலையில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வந்ததும் மரம்போல் நின்றார். கை நெஞ்சுக்குப் போனது.

"வருகுது."

ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். இன்னும் இரண்டு எட்டு. நாற்காலிக்கே வந்துவிட்டார். "போயிட்டுது." மறுபடி மூலைக்கு. "வருகுது." நாற்காலிக்கு. "போயிட்டுது." அந்தப் பருத்த உடம்போடு, கையை நெஞ்சில் வைத்து, தவிலுக்கு ஏற்ப அவர் முன்னும் பின்னுமாகப் போய்வந்ததைப் பார்த்து, அதுவரை அழுகிற மாதிரி நின்ற சிவகாமி சிரித்துவிட்டாள். கிராணியாரும் சிரித்தார். "அப்ப என்ர நெஞ்சு நல்லாத்தான் இருக்குது," என்று மாஸ்டர் ஐயாவைக் கட்டிக்கொண்டார்.

கல்யாணம் நிச்சயமானதைத் தொம் அண்ணன் கவனிக்கவில்லை. அவர் செருப்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பத்மா," என்றார். "நெஞ்சுல ஒக்காந்துட்டான்."

வருஷக்கணக்காக அந்த மனிதர் தேடிய பேஸ் அவர் வீடு முழுக்க இருந்திருக்கிறது. செருப்பு வைக்கிற இடத்தில் இருந்தது, அடுப்படியில் இருந்தது, எங்கள் வீட்டில் தேவைக்கு மேலேயே இருந்தது. அந்த ஹாலில் அது எட்டிப்பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: சுவர்களில் மோதித் திரும்புகிற சத்தம் ஒன்றையொன்று அடித்துச் சாகடித்துக்கொள்கிற நட்ட நடு. அங்கேதான் அவர் நாற்காலியைப் போட்டு, பத்தவில்லை பத்தவில்லை என்று திருகிக்கொண்டிருந்தார்.

பத்மா அக்கா ஒரு கையில் உடைந்த தட்டோடு வந்து நின்று கணவரைப் பார்த்தார். "நாக்காலிய நாலடி தள்ளிப் போட்டிருந்தா என் அலமாரி பொழச்சிருக்கும்லா," என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம்.

அடுத்த சில நாட்கள் தொம் அண்ணன் மேசை விசிறியோடு செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. நாம் பெட்டியைத் தேடிப் போவதற்குப் பதில் பெட்டியை நம் இடத்தில் வைத்துப் பார்த்தால் என்ன? ஸ்பீக்கரைக் கழற்றிச் சின்னதாக ஒரு பெட்டி செய்து மாட்டி, அதை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடவிட்டார். இவர் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு, நாலு காலில், தரையோடு காதை வைத்து ஹால் முழுக்கத் தவழ்ந்தார். எங்கே தவில் தவிலாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வது திட்டம்; நாற்காலியிலிருந்து அங்கே நன்றாகக் கேட்டால் அங்கிருந்து நாற்காலிக்கும் அப்படியே கேட்கும் என்பது அவர் கணக்கு. எதிர்வீட்டு ஆன்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சாமி வந்திருக்கிறது என்று ஊதுபத்தி கொண்டுவந்து கொடுத்தார்.

இடம் அடுப்படிக் கதவோரம் கிடைத்தது. பெட்டி அங்கே போனது. நாற்காலி விசிறிக்குக் கீழேயே இருந்தது. சத்தம் பழையதில் கால்வாசிகூட இல்லை. பத்மா அக்கா தோசை மாவுப் பாத்திரத்தைப் பெட்டிமேல் வைக்க ஆரம்பித்தார். அங்கே வைத்தால் சீக்கிரம் புளிக்கிறதாம். பூனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் தரையில் நடமாடியது.

சில வருஷம் கழித்து நாங்கள் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்தில் சொந்தமாக வீடு வாங்கிக் குடிபோனோம். தனி வீடு, நான்கு பக்கமும் இடைவெளி. முதல் ஞாயிறு மாலை நானும் சரோஜாவும் காப்பியோடு உட்கார்ந்தோம். காப்பி கோப்பைக்குள் சும்மா கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னமோ மாதிரி இருக்குல்ல," என்றாள் சரோஜா.

அடுத்த வாரம் ஃபெர்ரி ஏறிப் போனோம். எதற்கு வந்தீர்கள் என்று தொம் அண்ணன் கேட்கவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, எனக்காக ஒரே ஒரு திருகு கூட்டி வைத்தார். அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் அக்கரையில்தான் கழிந்தன.