சீட்டில் இல்லாத கால்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால், சக்கரம் என்றோ மின்சாரம் என்றோ சொல்லமாட்டேன். சாரணர் இயக்கம் என்றுதான் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். கட்டிலில் மல்லாந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது காலைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு சொல்வதால் இந்தக் கருத்துக்கு வலு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இளைய தலைமுறைக்கு ஒழுக்கத்தையும் தன்னம்பிக்கையையும் சேவை மனப்பான்மையையும் ஊட்டுவதே இயக்கத்தின் 'உயரிய நோக்கம்'. அதற்கான வழிமுறை மிக எளிது. விசில் அடித்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். வந்தவர்கள் கயிற்றில் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு சரியாக இருந்தால் சட்டையில் ஒரு பேட்ஜ் தைக்கப்படும். தைப்பது அம்மா. தையல் கலைக்கான பேட்ஜையும் அம்மாதான் தைப்பாள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இயக்கத்தில் சேருவதற்கு முன்பு அவள், சொன்ன வேலையை முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுகிற சாதாரணப் பிறவி. சேர்ந்த பிறகு அவளிடம் ஏற்பட்ட மாற்றத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருநாள் மழை வந்தது.

"கொடியில துணி கிடக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வாடி!" என்று என் மனைவி கத்தினாள்.

"இரும்மா, யூனிஃபார்ம் போட்டுட்டு வரேன்."

"துணி எடுக்க எதுக்குடி யூனிஃபார்ம்?"

"யூனிஃபார்ம் இல்லாம செஞ்சா நற்செயல் கணக்குல வராதும்மா. அது வெறும் வேலை."

சட்டை மாட்டி, ஸ்கார்ஃபை மடித்துக் கழுத்தில் கட்டி, தொப்பியைச் சரி செய்து அவள் வெளியே வருவதற்குள் துணியெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. அவள் கவலைப்படவில்லை. நனைந்த துணியை எடுத்து வந்து, நற்செயல் நிறைவேறிய திருப்தியுடன் சல்யூட் அடித்தாள். கொள்கையில் இவ்வளவு உறுதியை நான் என் அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை. நான் வேலை பார்ப்பது அரசாங்க அலுவலகம்.

எங்கள் பகுதிச் சாரண ஆசிரியரை எல்லோரும் 'விசில் சார்' என்பார்கள். தங்கமான மனிதர். விசில் வாயில் இருக்கும்போது பேசமாட்டார். விசில் எப்போதும் வாயில்தான் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் அதை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு வேண்டுகோள் வைத்தார். ஒவ்வொரு பெற்றோரும் தமக்குத் தெரிந்த கலையை இயக்கத்துக்கு அர்ப்பணிக்க வேண்டும். உடனே ஒரு பொறியாளர் கூடாரம் அடித்துத் தருவதாக எழுந்தார். பல் டாக்டர் ஒருவர் முதலுதவிப் பெட்டி தருவதாக எழுந்தார். என் முறை வந்தது.

"உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

"ஆபீஸ்ல ஃபைல் பார்க்கிறேன்."

"அது நீங்க பார்க்கிற வேலை. தெரிஞ்சது என்னன்னு கேட்டேன்."

யோசித்தேன். நேர்மையாக யோசித்ததால் நேரம் பிடித்தது.

"பரவாயில்ல சார்," என்றார் விசில் சார். "நீங்க படுத்துக்குங்க."

இப்படித்தான் நான் சாரணர் படையின் நிரந்தர நோயாளியாக நியமனம் பெற்றேன். முதலுதவித் தேர்வு என்றால் யாராவது அடிபட்டுக் கிடக்க வேண்டுமல்லவா? அந்த யாராவது நான். தேர்வு தொடங்குவதற்கு முன் கையில் ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். 'பாம்புக் கடி' என்றிருக்கும், 'நீரில் மூழ்கியவர்' என்றிருக்கும். அதன்படி நான் விழுவேன், முனகுவேன். பிள்ளைகள் ஓடி வந்து கட்டுப் போடுவார்கள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்கு அந்தக் கலை கைவந்துவிட்டது. போன வருடம் நானே ஒரு புதுமையைப் புகுத்தினேன். கட்டுப் போட்டு முடிக்கும் நேரத்தில், "ஐயோ, இது நடிப்பில்லை, நிஜமாவே வலிக்குது, யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று அலறினேன். மைதானமே கைதட்டியது. அன்றிலிருந்து அந்த அலறல் இல்லாமல் தேர்வு நடந்ததில்லை. பிள்ளைகளே கேட்டு வாங்குவார்கள்.

"வீட்டுல ஒரு சளிக்கே ஊரைக் கூட்டுற ஆளு நீங்க," என்றாள் என் மனைவி. "அந்தத் திறமை வீணாப் போகலையே, அது போதும்."

இனி, பள்ளி மைதானத்தில் நடந்த இந்த வருடச் சாரணர் முகாமின் கடைசி நாளுக்கு வருகிறேன்.

அன்று முதலுதவிக் கேடயத்துக்கான இறுதிப் போட்டி. என் மகள் இருந்த கழுகு அணிக்கும், புலி அணிக்கும் இடையே கடும் போட்டி. கழுகு அணிக்குக் கேடயம் கிடைத்தால் அடுத்த வருடம் என் மகள்தான் அணித் தலைவி. இதற்காக அவள் ஒரு மாதமாக எங்கள் வீட்டு நாற்காலி, குடை, குளியலறைக் குழாய் எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டுப் பழகியிருந்தாள். தலைமையகத்திலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். தொப்பியின் கீழ் முகமும், முகத்தின் கீழ் மீசையும், மீசையின் கீழ் மௌனமும் கொண்ட பெரிய மனிதர். அவர் கொடுத்த சீட்டில் 'இடது முழங்கை முறிவு. அரை மயக்க நிலை' என்று இருந்தது.

பள்ளி மைதானத்தின் கோடியில், மரத்தடியில் போய் விழ வேண்டும் என்பது ஏற்பாடு. முழங்கையை எப்படிப் பிடித்துக்கொண்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசித்தபடியே நடந்தேன். வழியில் ஒரு குழி. முந்தின நாள் புலி அணி 'நிலம் அகழும் பேட்ஜ்' வாங்குவதற்காகத் தோண்டியது. இடுப்பளவு ஆழம், விளிம்பெல்லாம் நூல் பிடித்தாற்போல நேர்த்தி. அதன் நேர்த்தியை நான் உள்ளே போன பிறகுதான் கவனித்தேன்.

வலது கணுக்காலில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சொந்த உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விசில் ஊதியது. கழுகு அணி சீராக ஓடி வந்தது. குழியைச் சுற்றி நின்றது.

"அங்கிள், மரத்தடியிலதானே விழணும்?" என்றான் கண்ணாடி போட்ட ஒரு பையன். அவன்தான் அப்போதைய அணித் தலைவன்.

"தம்பி, கால் போச்சுடா! கால் உடைஞ்சுடுச்சு!"

"சீட்டுல கை இருக்கே அங்கிள்."

"சீட்டுல கை. உடைஞ்சது கால்!"

அவன் அணியின் பக்கம் திரும்பி, அமைதியாக விளக்கினான். "அதிர்ச்சியில பேஷன்ட் மாத்தி மாத்திப் பேசுவார். நாம பதற்றப்படக் கூடாது. எல்லாரும் தைரியம் சொல்லுங்க."

"கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்!" என்று அணி ஒரே குரலில் தைரியம் சொன்னது.

என்னைக் குழியிலிருந்து தூக்கிய விதம் பாராட்டத்தக்கது. என் இடது முழங்கை ஒரு மில்லிமீட்டர்கூட அசையவில்லை. மற்றதெல்லாம் அசைந்தது. பிறகு பலகை வைத்து, துணி சுற்றி, கழுத்தோடு சேர்த்துத் தொட்டில் கட்டினார்கள். அந்த முழங்கை இவ்வளவு பத்திரமாக அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை. என் மகள்தான் கடைசி முடிச்சைப் போட்டாள். நான் அவள் காதருகில் சொன்னேன்:

"கண்ணு, அப்பாவுக்கு நிஜமாவே கால் உடைஞ்சிருக்குடி."

அவள் கை ஒரு கணம் நின்றது. "நிஜமாவா?"

"நிஜமா. நடிப்பில்லை."

"போன தடவையும் இதையேதான்ப்பா சொன்னே."

"அது நடிப்பு. இது நிஜம்."

"அதையும் சொன்னே."

தேர்வாளர் குனிந்தார். முதன்முறையாக வாய் திறந்தார். "நோயாளி அரை மயக்கத்தில் இருக்க வேண்டும். இவர் துளி மயக்கமும் இன்றிப் பேசுகிறார். யாருக்கு மார்க் குறையும் என்று தெரியுமா?"

என் மகளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. "அப்பா, ப்ளீஸ்ப்பா. அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ. ஷீல்டு வாங்கிட்டு வந்து நம்பறேன்."

நான் ஒரு தகப்பன். அரை மயக்கம் அடைந்தேன்.

கம்புகளில் சட்டைகளைக் கோத்து ஸ்ட்ரெச்சர் செய்து, என்னை மேடை வரை தூக்கி வந்தார்கள். வழி நெடுகக் கைதட்டல். "என்ன ஒரு முகபாவம்!" என்றார் பல் டாக்டர், மெய்மறந்து. நான் அவர் கையை எட்டிப் பிடித்து, "டாக்டர், நீங்களாவது காலைப் பாருங்க," என்றேன். அவர் பலமாகச் சிரித்து, "நான் வாயை மட்டும்தான் சார் பார்ப்பேன்," என்று என் கன்னத்தைத் தட்டினார். விசில் சார் பெருமிதத்தோடு தேர்வாளரைப் பார்த்தார். நான் அவரிடமும் சொன்னேன். அவர் வாயில் விசில் இருந்ததால் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு தேர்வு முடிந்ததாக அறிவித்தார்கள். தேர்வு முடிந்தால் பொருள்களைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பலகையை எடுத்தார்கள். துணியை அவிழ்த்துச் சுருட்டினார்கள். அணிவகுப்புக்குச் சட்டை வேண்டுமே; ஸ்ட்ரெச்சரையும் பிரித்தார்கள். என்னைப் புல்தரையில் ஓரமாக, மிகுந்த மரியாதையோடு வைத்துவிட்டு எல்லோரும் கொடி வணக்கத்துக்குப் போனார்கள். ஒலிபெருக்கியில் 'பிறர் துயர் துடைத்தல்' என்ற தலைப்பில் தேர்வாளர் பேசத் தொடங்கினார். நல்ல உரை. எனக்குக் கேட்கிற தூரம்தான்.

நான் கத்திப் பார்த்தேன். முன்வரிசையில் சிலர் திரும்பி, சிரித்து, மறுபடியும் கைதட்டினார்கள். அப்புறம் கத்தவில்லை. வலி அதிகமானபோது சத்தமே வரவில்லை.

எங்களை அழைத்துப் போக என் மனைவி ஸ்கூட்டரில் வந்தாள். கொஞ்ச தூரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? எங்க அடி?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தமே காணோமே! நீங்க சும்மா இருந்தா எனக்குத் தெரியாதா?"

அவள் என் காலுறையை இறக்கிப் பார்த்தாள். கால் கரும்பலகை நிறத்தில் வீங்கியிருந்தது. அவள் போட்ட கூச்சலில் தேர்வாளரின் உரை, 'பிறர் துயர்' என்ற இடத்தில் நின்றுபோனது. ஆம்புலன்ஸ் வந்தது. என் மகள் அணிவகுப்பை விட்டு ஓடி வந்து வண்டியில் ஏறினாள். அனுமதி பெறாமல் வரிசையை விட்டு வெளியேறியது ஒழுக்கக் குறைவு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரி வரை என் கைப் பெருவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து விசில் சார் வீட்டுக்கு வந்தார். 'சிறந்த நோயாளி' என்ற சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். என் மனைவி அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

"ஒரே ஒரு வருத்தம்தான் சார்," என்றார் அவர். "ஷீல்டு போயிடுச்சு. தேர்வாளர் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி விசாரிச்சிருக்கார். உடைஞ்சது வலது கால்னு சொல்லியிருக்காங்க. நம்ம பசங்க கட்டினது இடது கை. அடிபட்ட இடத்தைச் சரியாக் கண்டுபிடிக்கலைன்னு மார்க்கைக் குறைச்சுட்டார்."

"காலுக்குக் கட்டியிருந்தா?"

"அப்பவும் குறைச்சிருப்பார். சீட்டுல கைதானே சார் இருந்தது?"

அந்தத் தர்க்கத்தின் முன் நான் தலைவணங்கினேன். படுத்திருந்ததால் பாதிதான் முடிந்தது.

"அப்போ ஷீல்டு?"

"புலி அணிக்கு. குழிக்குத் தனியாப் பாராட்டு வேற. ஒரு பெரிய ஆள் முழுசா விழுந்தும் விளிம்பு உடையலையாம்."

"சந்தோஷம். அந்தக் குழியை மூடியாச்சா?"

விசில் சார் புரியாமல் என்னைப் பார்த்தார். "மூடறதுக்கு பேட்ஜ் கிடையாதே சார்."

கதவருகில் நின்றிருந்த என் மகள் இதைக் கேட்டாள். சாயங்காலம் அவளைக் காணவில்லை. பின்கட்டில் இருந்த மண்வெட்டியையும் காணவில்லை. இருட்டுகிற நேரத்தில் வந்தாள். முழங்கால் வரை மண், உள்ளங்கையில் கொப்புளம். என் கட்டிலைக் கடக்கும்போது, "ஒண்ணும் கேட்காதே," என்றாள். நான் கேட்கவில்லை. பார்க்க மட்டும் செய்தேன்.

வீட்டுப் பாவாடையும் பழைய சட்டையும்தான் போட்டிருந்தாள். ஸ்கார்ஃப் இல்லை, தொப்பி இல்லை, எந்த விசிலும் ஊதவில்லை. ஆகவே இயக்கத்தின் விதிகளின்படி மேற்படி செயலை ஒரு நற்செயலாகக் கணக்கில் கொள்ள இயலாது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.