நொய்யல் துறைமுகம்

கோயமுத்தூருக்குத் துறைமுகம் வேண்டுமென்று எந்த அரசிடமும் மனுக் கொடுக்காமல், தானே ஒன்றைக் கட்டிக்கொண்ட ஒரே மனிதர் கப்பல்காரர்தான்.

கொச்சியில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்ந்தவர். தொண்ணூறுகளில் போத்தனூரில் எனக்கு அடுத்த போர்ஷன். நொய்யல் பாலத்தில் நின்றுகொண்டு வாட்டர் கலரில் வரைவார். கீழே சீமைக்கருவேலமும் இரண்டு எருமைகளும் இருக்கும். படத்திலோ ஆறு நிறையக் கப்பல்கள், பாலம் நிறையத் தேர்க்கூட்டம்.

"ஏனுங்க, நொய்யல்ல ஏதுங்க கப்பலு?" என்றேன் ஒருநாள்.

"சார் தலையில ஒரு காலத்துல முடி இருந்துச்சுன்னு நாங்க நம்பலீங்களா?"

நான் வழுக்கையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வரைந்ததெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரே ஒரு படமாவது யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது. என் சுவரில் காலண்டர் இருந்தது. நான் படித்தவன், கலையைப் பற்றிப் பேசுவதோடு சரி.

பல்லடத்தில் கோழிப்பண்ணைக் கவுண்டர் ஒருவர் புது வீட்டு ஹாலுக்குப் படம் கேட்டார். இருப்பதிலேயே பெரிய படத்தோடு பஸ் ஏறினோம். படம் உட்கார்ந்து வந்தது. நான் நின்று வந்தேன்.

மாட்டியதும், அங்கிருந்த வாஸ்துக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"கப்பலெல்லாம் வாசலப் பாத்துப் போகுதுங்க. ஊட்டு லட்சுமியும் கூடவே போயிருமுங்க."

"அப்பக் கழட்டிப்போடுங்க," என்ற கவுண்டர், மரியாதைக்காக, "திருப்பி வரைஞ்சு கொண்டாங்க, மாட்டிக்கலாம்," என்றார்.

வாட்டர் கலரில் கப்பலைத் திருப்ப முடியாது, காகிதம்தான் கிழியும். கப்பல்காரர் படத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஏனுங்க, உங்க முட்ட லோடு எந்தப் பக்கமுங்க போகும்?" என்றார் கப்பல்காரர்.

"வெளியதானுங்க," என்றார் கவுண்டர்.

"திரும்பி உள்ள வந்துச்சுன்னா?"

கவுண்டர் யோசித்தார். "வந்தா அழுகுன முட்டைங்க."

"இதுல பூராம் முட்ட லோடுங்க."

கவுண்டர் வாஸ்துக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு ஆணியும் சேர்த்து அடிக்கச் சொன்னார்.

கப்பல்காரர் இப்போது இல்லை. அண்மையில் அந்த வீட்டுக்குப் போனபோது, காபி டம்ளரோடு படத்தின் அருகில் போய்ப் பார்த்தேன். பாலத்துக் கூட்டத்தில் என் மூக்குக்கண்ணாடி, என் குடை, என் தொந்தி. நொய்யலுக்குத் தண்ணீர் விட்ட அதே தூரிகையால், என் தலை நிறைய முடியும் வைத்திருந்தார்.